மலைக்குப் போகுமுன்

பங்கில் சுற்றுலா என்றதும் எல்லாருடைய முகத்திலும் மலர்ச்சி தோன்றுவது இயல்பே. திருவிழா, தியானம், நவநாள் என்று ஆண்டு முழுவதும் ஆலயத்தையே சுற்றிவரும் மறைக்கல்வி ஆசிரியர்களும், பீடச் சிறுவர்களும், பாடகர் குழுவினரும் ஒரு நாளேனும் ஊரைவிட்டு வெளியே சென்று, ஒன்றாய் உண்டு, ஒன்றாய்ப் பாடி, ஒன்றாய்த் திரும்பி வருதல் குடும்ப உணர்வை வளர்க்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எங்கே போவது, எப்போது போவது, எதற்காகப் போவது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதற்குள் நம் பங்குப் பேரவை மூன்று முறை கூட வேண்டியதாயிற்று. அக்கூட்டங்களில் நாம் கேட்டவையும் சிந்தித்தவையும் பிற பங்குகளுக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இங்கே எழுதத் துணிகிறோம்.

எங்கே?

நம் பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனிச் சீமையில் அமைந்தது. காலைத் திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றால் மேற்கே நீலமாய் மலைத்தொடர் தெரியும். நாள்தோறும் பார்க்கும் அந்த மலையின் மறுபக்கத்தைப் பங்கின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் கண்டதில்லை. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் ஓரியூருக்கும் பலமுறை சென்று வந்தாயிற்று. இம்முறை மலைக்குப் போவோம் என்று இளைஞர்கள் கேட்டபோது மறுப்பதற்கு நமக்குக் காரணம் ஏதும் தோன்றவில்லை.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா. போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைந்து, பூப்பாறை வழியாகச் சென்றால் சுமார் 70 கிலோமீட்டரில் மூணாறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலால் அப்பெயர். அங்கிருந்து மறையூர்ச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் பூங்காவின் வாயில். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவில் பொதுமக்கள் சென்று காணத்தக்க பகுதி ராஜமலை ஒன்றே. அதற்கும் நம் வண்டியில் போக இயலாது. வனத்துறையின் பேருந்தில் ஏறிச் சென்று, அவர்கள் காட்டும் சாலையில் நடந்து, திரும்பிவிட வேண்டும்.

இமயத்திற்குத் தெற்கே பாரதத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி இப்பூங்காவின் எல்லைக்குள்தான் நிற்கிறது. அதன் உயரம் 2,695 மீட்டர். மலைச் சரிவெங்கும் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் திட்டுத் திட்டாகச் சோலைக்காடு. பெய்யும் மழையைப் புல்லும் சோலையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னும் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. இம்மலைகளில் பிறக்கும் பாம்பாறு கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலந்து தமிழக வயல்களை நனைக்கிறது. மேற்கே இறங்கும் நீரோ பெரியாற்றைச் சேர்கிறது. எல்லைக்கோடு மனிதன் வரைந்தது. மலை இருபுறத்தார்க்கும் நீர் வார்க்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "அப்போ அந்த மலை நமக்கும் சொந்தம்தானே, சாமி?" என்றான் ஒரு சிறுவன். சொந்தம் என்பதைவிடக் கடன்பட்டிருக்கிறோம் என்பதே பொருந்தும் என்றோம்.

எப்போது?

இரண்டாம் கூட்டம் இவ்வினாவிலேயே கழிந்தது. பொதுத்தேர்வுகள் தொடங்குமுன் பிப்ரவரியில் போய்வரலாம் என்றார் பேரவை உறுப்பினர் ஒருவர். கூட்டம் குறைவு, வண்டி வாடகையும் குறைவு என்பது அவர் கணக்கு. அவர் கணக்கில் பிழை இல்லை. ஆனால் விசாரிக்கச் சென்ற இளைஞர்கள் கொண்டுவந்த செய்தி வேறாக இருந்தது. ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச்சு இறுதிவரை பூங்கா மூடப்பட்டிருக்கும். அது வரையாடுகள் குட்டி ஈனும் காலம்.

வரையாடு என்பது வரையில், அதாவது மலையில், வாழும் காட்டாடு. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். செங்குத்தான பாறை விளிம்பில் கால் வைத்து அது நடக்கும் நடையைக் கண்டவர்க்கு நெஞ்சு படபடக்கும். முதிர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளிச் சேணம் இட்டாற்போல் வெண்மை படரும். சிலப்பதிகாரமும் சீவக சிந்தாமணியும் இதனைக் குறிப்பிடுகின்றன. தமிழகம் இதனை மாநில விலங்காகக் கொண்டிருக்கிறது. 1975ஆம் ஆண்டில் இவ்வினத்தைக் குறித்து முன்னோடியாய் ஆய்வு செய்தவர்களுள் ஒருவரான ஈ. ஆர். சி. தாவீதார் அவர்களின் நினைவாக, அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழக அரசு வரையாடு நாளாக அறிவித்துள்ளது. அதே 1975இல்தான் இரவிகுளம் சரணாலயமாக்கப்பட்டது. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. அதற்கு முன் தோட்டத் துரைமார் வேட்டையாடிய காடு அது. இன்று உலகிலேயே வரையாடுகள் மிகுதியாய் ஒரே இடத்தில் வாழ்வது அங்கேதான்.

"ஆடு குட்டி போடுறதுக்காக ஆளுங்களைத் தடுக்கிறதா?" என்று ஒருவர் சற்றுச் சலிப்போடு கேட்டார். அவர் ஆடு வளர்ப்பவர். ஆகவே நாம் அவரையே திருப்பிக் கேட்டோம்: "உங்கள் வீட்டுக் கொட்டிலில் ஆடு ஈனும்போது ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் உள்ளே விடுவீர்களா, ஐயா?" அவர் சிரித்துவிட்டார். வெள்ளாட்டுக்கு அவர் காட்டும் பரிவைக் காட்டாட்டுக்கு அரசு காட்டுகிறது, அவ்வளவே.

அன்று இரவு விவிலியத்தில் யோபு நூலின் 39ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தோம். துன்பத்தால் நொந்து கடவுளிடம் வழக்காடிய யோபுவைப் பார்த்து ஆண்டவர் தொடுக்கும் வினாக்களுள் ஒன்று, மலையில் வாழும் வரையாடுகள் ஈனும் காலத்தை நீ அறிவாயோ என்பது. பலமுறை வாசித்த பகுதிதான். ஆயினும் அதனைக் கவிநயம் என்று எண்ணிக் கடந்து சென்றவர்களே நம்மில் மிகுதி. இன்று அவ்வினாவுக்கு மனிதன் விடை சொல்லக் கற்றிருக்கிறான். காலத்தை அறிந்திருக்கிறான், அறிந்ததற்கேற்ப வாயிலை அடைத்து, எட்ட நிற்கவும் கற்றிருக்கிறான். 104ஆம் திருப்பாடலும் உயர்ந்த மலைகளைக் காட்டாடுகளுக்கென்று ஒதுக்கித் தருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட "லவ்தாத்தோ சீ" சுற்றுமடலில், ஒவ்வொரு படைப்பும் மனிதனுக்குப் பயன்படுவதற்காக மட்டுமன்றித் தனக்கெனவும் கடவுள் முன் மதிப்புடையது என்று கற்பித்திருப்பதும் இதனோடு இயைவதே.

மற்றொன்றும் கருதத்தக்கது. பூங்கா மூடியிருக்கும் அந்த இரு திங்கள்களும் பெரும்பாலும் நம் தவக்காலத்தோடு ஒட்டியே வருகின்றன. நாம் நோன்பிருக்கும்போது மலையும் நம்மிடமிருந்து விலகி ஓய்ந்திருக்கிறது. ஆகவே பாஸ்கா விழாவுக்குப்பின், தேர்வுகள் முடிந்து ஏப்ரலில் செல்வதென முடிவாயிற்று. விடுமுறையில் கூட்டம் மிகுதியாதலால் நுழைவுச் சீட்டை முன்னதாகவே பதிவு செய்யும் பொறுப்பை ஓர் இளைஞர் ஏற்றார். ஆனைமுடியின் உச்சிக்கு ஏற விரும்பியவர்கள், அதற்கு அனுமதி இல்லை என்றறிந்து ஏமாற்றமடைந்தனர். அண்ணாந்து பார்ப்பதற்கென்று சில சிகரங்கள் இருப்பதும் நன்றே.

எதற்காக?

மூன்றாம் கூட்டம் முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில் நம் பங்கின் மூத்த தாய் ஒருவர் வந்து வாசலில் நின்றார். வயது எழுபதைத் தாண்டியவர். கைம்பெண். கையில் முடிச்சிட்ட கைக்குட்டை. "பஸ்ஸுக்கு எவ்வளவு, சாமி?" என்று கேட்டார். முதியோருக்கு மலைக்குளிர் ஆகாதே, அம்மா, என்றோம். அதற்கு அவர் சொன்ன விடை: "முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல அந்தக் குளிர்லதான் கொழுந்து கிள்ளினேன், சாமி."

பிறகுதான் முழுவதும் சொன்னார். மணமாகி அம்மலைக்குச் சென்ற ஆண்டு குறிஞ்சி பூத்ததாம். அது 1970. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை நீலமாகும் அப்பூவை வைத்தே அவர் தம் வாழ்வைக் கணக்கிடுகிறார். 1982இல் பூத்தபோது கையில் மூன்றாம் குழந்தை. 1994இல் பூத்தபோது கணவர் இல்லை. 2006இல் பூத்தபோது பேரன். பணி ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழே வந்துவிட்டார். 2018இல் பூத்ததை அவர் காணவில்லை. அடுத்த பூப்பு 2030இல்.

அவருடைய தங்கையின் குடும்பம் பெட்டிமுடியில் இருந்தது.

பெட்டிமுடி என்ற பெயரைச் செய்தித்தாள்களில் கண்டு மறந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கலாம். ராஜமலையைக் கடந்து செல்லும் வழியிலுள்ள தேயிலைத் தோட்டப் பகுதி அது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, கொட்டித் தீர்த்த பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து அங்கிருந்த தொழிலாளர் லயங்களை மூடிற்று. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்தமையால் வெளியுலகுக்குச் செய்தி எட்டவே மறுநாள் காலையாயிற்று. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் இறுதிவரை கிடைக்கவில்லை. மாண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்திலிருந்து முன்னோர் காலத்தில் தேயிலைக்காக மலையேறியவர்களின் வழிவந்தோர் பலர். பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். கிடைத்த உடல்களை அம்மலையிலேயே அடுத்தடுத்து அடக்கம் செய்தார்கள்.

அது பெருந்தொற்றுக் காலம். மாநில எல்லை கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இந்த அம்மையாருக்கு அச்சீட்டும் இல்லை, அழைத்துப் போக ஆளும் இல்லை. "எந் தங்கச்சிக்கு ஒரு பிடி மண்ணு போடல, சாமி. அது எங்க கெடக்குதுன்னும் பாக்கல. நான் ஆடு பாக்க வரல." கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ரூபாய்த் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். அதனை நாம் எண்ணவில்லை. அவரும் திரும்ப எடுக்கவில்லை.

இச்செய்தி மறுநாளே பங்கில் பரவிற்று. இருவிதக் கருத்து எழுந்தது. பெற்றோர் ஒருவர் நம்மிடம் வந்து, "பிள்ளைங்க சந்தோசமா போற இடத்துல கல்லறையா, சாமி? சின்ன மனசு பயந்துடாதா? அந்த அம்மாவை வேற ஒரு நாள் தனியா அனுப்பி வைப்போம், வண்டிச் செலவை நானே கொடுக்கிறேன்" என்றார். கொடைமனத்தோடு சொன்ன சொல் அது, எளிதாகத் தள்ளிவிடத்தக்கதன்று. சில நாள் அதனை மனத்தில் வைத்து மன்றாடினோம்.

சிந்திக்கச் சிந்திக்க ஒரு நாட்குறிப்பு நம் உள்ளத்தைத் தொட்டது. ஆகஸ்ட் 6 என்பது ஆண்டவர் உருமாறிய விழா. உயர்ந்த மலையில் இயேசு ஒளிமயமாய்த் தோன்றியதைத் திருச்சபை கொண்டாடிய அதே நாளின் இரவில்தான் பெட்டிமுடி புதையுண்டது. இதற்கு விளக்கம் சொல்ல முற்படுவது பேதைமை. இறைவன் அவர்களைத் தண்டித்தார் என்று யாரேனும் சொன்னால், சிலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைக் குறித்து ஆண்டவரே அத்தகைய பேச்சை மறுத்திருக்கிறார் என்பதை நினைவூட்டுவோம். ஆனால் உருமாற்ற நற்செய்தியில் நாம் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. மலைமேல் மூன்று கூடாரம் அமைத்துத் தங்கிவிடலாம் என்றார் பேதுரு. ஆண்டவர் தங்கவில்லை. இறங்கினார். இறங்கிய இடத்தில், நோயுற்ற மகனுக்காகக் கதறும் தந்தை ஒருவர் காத்திருந்தார். மலைக்காட்சியும் மனிதக் கண்ணீரும் நற்செய்தியில் அடுத்தடுத்த பத்திகளில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து, ஒன்றைப் பிள்ளைகளுக்கும் மற்றொன்றைக் கிழவிக்குமாகப் பங்கிட்டுக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

மூணாற்றுக்குச் செல்வோர் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அக்கம்பளத்தை நெய்த விரல்களை எண்ணுவோர் சிலரே. தென்மாவட்டங்களின் வறட்சிக்குத் தப்பி, கங்காணியின் பின்னே மலையேறி, அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று கொழுந்து கிள்ளியவர்கள் நம் இனத்தார். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் அத்தோட்டங்களின் பெண்கள் கூலியும் ஊக்கத்தொகையும் கேட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்தபோதுதான் அவர்களுடைய லயங்களின் நிலை பலருக்குத் தெரிய வந்தது. அம்மலையின் அழகைக் காண்போர் அதன் உழைப்பையும் காணவேண்டும். அழகை மட்டும் கண்டு திரும்புவது பாதி மலையைக் கண்டு திரும்புவதாகும்.

மறைக்கல்வி வகுப்பில் இதனை எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். அச்சம் ஊட்டும் விவரம் எதையும் சொல்லவில்லை. வகுப்பு அமைதியாயிருந்தது. பின் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அந்த ஊர்ப் பிள்ளைங்க என்ன கிளாஸ் படிச்சாங்க, சாமி?" என்று கேட்டாள். எல்லா வகுப்பிலும் படித்தார்கள் என்றோம். அதன்பின் அப்பிள்ளைகளே ஒன்றைத் தீர்மானித்தார்கள்: ஆலய வளாகத்தில் பூக்கும் பூக்களைப் பறித்துப் போகவேண்டும் என்று. பூங்காவுக்குள் பிற செடிகொடிகளைக் கொண்டுபோகலாகாது. ஆகவே அவற்றை மூணாற்று ஆலயத்திலேயே வைத்துவிடுவோம் என்று திருத்தி ஒப்புக்கொண்டோம். மறுப்புச் சொன்ன அந்தத் தந்தையின் மகனும் அவ்வகுப்பில்தான் இருந்தான். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, அம்மையாரைத் தம் அருகில் அமர்த்திக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார்.

திட்டம்

இப்போது நம் திட்டம் இவ்வாறு அமைந்துள்ளது. விடியுமுன் புறப்படுதல். வாடகை வண்டிக்கு அண்டை மாநிலம் செல்லும் அனுமதி உண்டா என்பதை முன்னரே உறுதி செய்துகொள்ளுதல். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் ஒப்புதல் கடிதம். கம்பளி உடை, மழை பெய்தால் போர்த்த ஓர் உறை. புளிச்சோறும் தயிர்ச்சோறும் இலையில் கட்டிய பொட்டலங்களாக. நெகிழிப்பை ஒன்றும் வண்டியில் ஏறக்கூடாது. கட்டணம் செலுத்த இயலாத ஆறு குடும்பங்களின் பங்கை வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏற்றுக்கொண்டனர். அவை எவை என்பது அவர்களுக்கும் நமக்கும் மட்டுமே தெரியும்.

மூணாற்றில் கார்மேல் அன்னை ஆலயத்தில் திருப்பலி. 1898இல் இசுபானிய கார்மேல் துறவி ஒருவரால் தொடங்கப்பெற்று, தோட்டத் தொழிலாளரின் இறைவேண்டலால் வளர்ந்த அவ்வாலயம் இன்று பசிலிக்கா என்னும் சிறப்பையும் பெற்றுள்ளது. அங்கே பெட்டிமுடியில் மாண்ட எழுபது பேருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். அதன்பின் ராஜமலை. வரையாட்டைக் கண்டால் தொடக்கூடாது, தின்பண்டம் போடக்கூடாது, கூச்சலிடக்கூடாது என்பதைப் பீடச் சிறுவர்கள் இப்போதே மனப்பாடமாய் ஒப்பிக்கின்றனர்.

அடக்கம் செய்த இடம் சுற்றுலாப் பயணிகள் செல்லும் எல்லைக்கு உட்பட்டதன்று. ஆகவே அம்மையாரையும் உடன் இருவரையும் மட்டும் அங்கே செல்ல விடுமாறு உரியவர்களுக்கு விண்ணப்பம் எழுதியுள்ளோம். இதனை எழுதும் நாள்வரை மறுமொழி வரவில்லை. அனுமதி கிடைப்பின் அவர் தம் தங்கைக்கு ஒரு பிடி மண் இடுவார். கிடையாதெனில், சாலை எதுவரை விடுகிறதோ அதுவரை சென்று, அத்திசை நோக்கி நின்று, பிள்ளைகள் எல்லாரும் அவரோடு ஒரு பத்துமணிச் செபமாலை சொல்வர். இவ்விரண்டையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டோம். "பாத்த மலைதானே, சாமி, எங்கிட்டு நின்னாலும் எனக்குத் தெரியும்" என்றார்.

வாசக அன்பர்களே! கோடை விடுமுறை நெருங்குகிறது. நீங்களும் குடும்பத்தோடு மலையோ கடலோ நோக்கிப் புறப்படக்கூடும். புறப்படுமுன் அவ்விடத்தைப் பற்றி இரண்டு செய்திகளை விசாரித்தறியுங்கள்: அங்கே எந்த உயிர்க்கு இது தொந்தரவு செய்யலாகாத காலம் என்பது ஒன்று, அங்கே யாருடைய உழைப்பும் கண்ணீரும் மண்ணில் கலந்திருக்கின்றன என்பது மற்றொன்று. அறிந்தபின் போகும் பயணம் மகிழ்ச்சியைக் குறைப்பதில்லை. உங்கள் அன்பியத்தில் வண்டியில் இடமின்றி, கேட்கவும் கூசி, வாசலில் நிற்பவர் எவரேனும் உண்டா என்றும் பாருங்கள். முதல் இருக்கையை அவருக்கு ஒதுக்குங்கள். பெட்டிமுடியில் துயிலும் எழுபது பேரையும், மறுமொழிக்காகக் காத்திருக்கும் அந்த மூத்த தாயையும் இம்மாத உங்கள் குடும்பச் செபத்தில் நினைந்துகொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.